உத்தரிக்கிற ஸ்தலம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், ஒரகடம் வட்டாரத்தில் வேலை செய்யும் தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வியை வைத்திருக்கிறார்கள். "நவம்பர் மாதம் பிறந்தால் நம் சங்கத்துக் கத்தோலிக்கத் தோழர்கள் கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுவத்தியும் வாங்குகிறார்கள். அதோடு நிற்பதில்லை. செத்துப்போன தாய் தகப்பன் பெயரை எழுதி, உறையில் பணம் வைத்துப் பூசைக்குக் கொடுக்கிறார்கள். கையில் இல்லாதவர் கடன் வாங்கிக் கொடுக்கிறார். உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து ஆத்மாவை மீட்கிறார்களாம். இதை நாம் கண்டிப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா?"

நேரான கேள்வி. நேராகவே பதில் சொல்வோம். பெற்றவளை நினைத்து அழுகிறவனை ஏளனம் செய்வது கம்யூனிஸ்டுக்கு அழகல்ல. அந்த அழுகையைக் காசாக்கும் ஏற்பாட்டைக் கண்டு வாய்பொத்தி நிற்பதும் அழகல்ல. ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

போதனை என்ன?

முதலில் போதனையை உள்ளபடி தெரிந்துகொள்வோம். எதிராளி சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அடிப்பது வீரமல்ல.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானோபதேசப்படி, மனிதன் செத்த பிறகு அவனுக்கு மூன்று வழி. சாவான பாவத்தோடு, மனம் திரும்பாமல் செத்தவனுக்கு நரகம். அங்கிருந்து மீட்சி கிடையாது. முழுத் தூய்மையோடு செத்தவனுக்கு நேரே மோட்சம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் அற்பப் பாவங்கள் மீதி இருக்கும். அல்லது பாவசங்கீர்த்தனம் செய்து பாவம் மன்னிக்கப்பட்டிருந்தாலும் அதற்குரிய தண்டனை பாக்கி இருக்கும். அசல் தள்ளுபடியாகியும் வட்டி நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாக்கியைத் தீர்க்கும் இடம்தான் உத்தரிக்கிற ஸ்தலம். அங்கே போன ஆத்மாவுக்கு மோட்சம் நிச்சயம். ஆனால் எப்போது என்பது நிச்சயமில்லை. அந்த ஆத்மா தனக்காகத் தானே ஒன்றும் செய்துகொள்ள முடியாது. உயிரோடு இருக்கும் உறவினர் செய்யும் ஜெபம், தர்மம், ஒப்புக்கொடுக்கும் பூசை, திருச்சபை அருளும் 'பலன்' இவைதான் அதற்கு உதவும்.

இங்கே கவனியுங்கள், தோழர்களே! தண்டனையை அனுபவிப்பவன் ஒருவன். அதைக் குறைக்கக் கொடுப்பவன் இன்னொருவன். கொடுப்பதை வாங்கிக்கொள்பவன் மூன்றாமவன். கணக்குப் புத்தகத்தை மூவரில் யாருமே பார்த்ததில்லை. 'பாக்கி தீர்ந்தது' என்று ரசீது வந்த குடும்பம் உலகத்தில் ஒன்றுகூட இல்லை. தீர்ந்ததா என்று தெரியாததால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம் கிராமத்துப் பண்ணைக் கணக்கும் இப்படித்தானே இருந்தது? அப்பன் வாங்கின கடனுக்கு மகன் உழைத்தான். மகன் உழைத்தும் தீராததற்குப் பேரன் மாடு மேய்த்தான். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு நிற்கிறது என்பது பண்ணையார் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு மட்டுமே வெளிச்சம். அந்தக் கணக்கே செல்லாது என்று சொல்ல 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் கொத்தடிமைக் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியை நாம் படித்துக்கொண்டுதான் வந்திருக்கிறோம். பார்க்க முடியாத கணக்கு எவ்வளவு பொல்லாதது என்பதை உழைப்பாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேதத்தில் உண்டா?

'உத்தரிக்கிற ஸ்தலம்' என்ற பெயர் பைபிளில் எங்கும் இல்லை. கத்தோலிக்கர் முக்கியமாக ஆதாரம் காட்டுவது மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தின் 12ஆம் அதிகாரத்தை. போரில் மாண்ட தன் வீரர்களின் பாவம் தீர, யூதாஸ் மக்கபேயு 2,000 வெள்ளிக் காசு வசூலித்து ஜெருசலேமுக்கு அனுப்பினான் என்பது அங்கே உள்ள செய்தி. அந்தப் புத்தகத்தையே புராட்டஸ்டண்டுகள் வேதத்தில் சேர்ப்பதில்லை.

செத்தவருக்காக ஜெபிக்கும் வழக்கம் மிகப் பழையது. ஆதிக் கிறிஸ்தவர்களிடமும் இருந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெயரும் விலாசமும் உள்ள தனி ஸ்தலமாக இது உருப்பெற்றது கி.பி. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் என்று ஜாக் லெ கோஃப் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1981ல் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டினார். அது ஐரோப்பாவில் பட்டணங்களும் வியாபாரமும் வட்டித் தொழிலும் வளர்ந்த காலம். அதுவரை வட்டிக்காரனுக்கு நேரே நரகம்தான் என்று கோயிலில் பிரசங்கம் செய்தார்கள். நடுவில் ஒரு ஸ்தலம் ஏற்பட்ட பிறகு வட்டிக்காரனுக்கும் ஒரு நம்பிக்கை பிறந்தது என்கிறார் அந்த ஆசிரியர். 1274ல் லியோன் சங்கம், 1439ல் பிளாரன்ஸ் சங்கம், 1563ல் திரெந்து சங்கம் என்று படிப்படியாக இது விசுவாசக் கோட்பாடாக உறுதிசெய்யப்பட்டது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் செத்தவருக்காக ஜெபிக்கின்றன. ஆனால் ரோமாபுரியின் இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை.

ஒரு காலத்தில் ஜெபப் புத்தகங்களில் ஜெபத்தின் கீழே '300 நாள் பலன்', '7 வருஷப் பலன்' என்று அச்சிட்டிருந்தார்கள். அது உத்தரிக்கிற ஸ்தலத்தின் நாள் அல்ல, பூர்வகாலத்தில் பாவிகள் செய்த தவத்தின் நாளுக்குச் சமம் என்பதுதான் திருச்சபையின் விளக்கம். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் அதை விடுதலை நாளாகத்தானே எண்ணி விரல்விட்டார்கள்! 1967ல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் நாட்கணக்கையே எடுத்துவிட்டார். 1999 ஆகஸ்டு 4ந் தேதி போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், உத்தரிக்கிற ஸ்தலம் ஓர் இடமல்ல, ஆத்மாவின் ஒரு நிலை என்று விளக்கினார். நாட்கணக்கு போயிற்று, ஸ்தலமும் போய் நிலையாயிற்று. நவம்பர் மாதத்து உறை மட்டும் நின்றபாடில்லை. பாட்டிமார் எண்ணிய எண்ணம் தவறு என்று ஊர் ஊராக வந்து யார் சொன்னார்கள்?

வட்டிக்கடையும் மோட்சச் சீட்டும்

இந்தக் கோட்பாட்டின் மேல் உலகத்தில் எழுந்த மிகப் பெரிய சந்தேகம் பணத்தில் பிறந்தது. 1476ல் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்துஸ், 'பலன்' செத்தவருக்கும் செல்லும் என்று அறிவித்தார். அதன் பிறகு உயிரோடு இருப்பவர் காசு கொடுத்துச் செத்தவருக்குச் சீட்டு வாங்கலாம் என்றாயிற்று. 1517ல் தெத்செல் என்ற துறவி ஜெர்மனியில் ஊர் ஊராகப் பெட்டி வைத்து விற்றார். ரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயம் கட்டத்தான் அந்தப் பணம் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் வசூலில் பாதிதான் ரோமாபுரிக்குப் போயிற்று. மறுபாதி ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்துக்குப் போயிற்று. ஏன்? மைன்ஸ் நகர மேற்றிராணியார் ஆல்பிரெக்ட், அந்தப் பதவியைப் பெறுவதற்காக ஃபுக்கரிடம் பெருங்கடன் வாங்கியிருந்தார். குடியானவப் பெண் தன் தாயின் ஆத்மாவுக்கென்று போட்ட காசு, மேற்றிராணியாரின் கடனை அடைத்தது! அந்த ஃபுக்கர் குடும்பமோ வெள்ளிச் சுரங்கங்களிலும் செப்புச் சுரங்கங்களிலும் தொழிலாளரை வேலை வாங்கிப் பணம் குவித்த குடும்பம்.

அந்த ஆண்டில்தான் மார்ட்டின் லூத்தர் தம் 95 வாதங்களை வெளியிட்டார். போப்பாண்டவருக்கு ஆத்மாக்களை விடுவிக்கும் அதிகாரம் உண்டென்றால், பணத்துக்காகச் சிலரை விடுவிப்பதை விட, அன்பினால் எல்லோரையும் ஒரேயடியாக விடுவிக்கலாமே என்ற கேள்வியும் அவற்றில் ஒன்று. இதற்கு ஒழுங்கான பதில் அன்றைக்கு வரவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து 1567ல் போப்பாண்டவர் ஐந்தாம் பத்திநாதர், பணம் வாங்கிக்கொண்டு பலன் கொடுப்பதை ரத்து செய்தார். 2025 ஜூபிலி ஆண்டிலும் பூரண பலன் அறிவித்தார்கள். அதைச் செத்தவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு விலை வைக்கவில்லை. இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

கோட்பாடு போயிற்று; நிலம் யாருக்குப் போயிற்று?

'அப்படியானால் லூத்தர் வழியே நம் வழி' என்று அவசரப்பட வேண்டாம். வெறும் சந்தேகம் உழைப்பாளிக்குச் சோறு போட்டதா என்று பாருங்கள்.

1525ல் ஜெர்மனியில் குடியானவர்கள் பண்ணையடிமைத்தனத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தார்கள். தாமஸ் முன்ட்செர் என்ற பிரசங்கியார் அவர்கள் பக்கம் நின்றார். சீட்டைக் கிழித்த லூத்தர் யார் பக்கம் நின்றார்? பிரபுக்கள் பக்கம்! குடியானவர்களை ஈவிரக்கமின்றி அடக்கும்படி பிரபுக்களைத் தூண்டி எழுதினார். முன்ட்செர் தலை வெட்டப்பட்டது. ஒரு லட்சம் பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். எங்கெல்ஸ் இந்தப் போராட்டத்தைப் பற்றியே 1850ல் தனி நூல் எழுதினார்.

இங்கிலாந்தில் நடந்ததையும் கேளுங்கள். 1509ல் செத்த ஏழாம் ஹென்றி மன்னன், தன் ஆத்மாவுக்காக 10,000 பூசை செய்யும்படி உயில் எழுதி வைத்தான். பிரபுக்களும் வியாபாரிகளும் தங்களுக்காக நிரந்தரமாகப் பூசை நடக்க நிலம் எழுதி வைத்தார்கள். அந்த நிலத்தில் உழுதவனுக்கு ஒரு பூசைக்கும் வழியில்லை. 1547ல் அந்த ஹென்றியின் பேரன் ஆறாம் எட்வர்டு ஆட்சியில், உத்தரிக்கிற ஸ்தலம் மூடநம்பிக்கை என்று சொல்லி, பூசை மானியங்களை எல்லாம் சட்டம் போட்டுப் பறித்தார்கள். பகுத்தறிவு வென்றது! நிலம் உழுதவனுக்கு வந்ததா? இல்லை. அரசாங்கம் எடுத்துக்கொண்டது, பிறகு பெருமளவு பணக்காரர்கள் கைக்குப் போயிற்று. பாட்டன் பத்தாயிரம் பூசைக்குச் செலவழித்தான். பேரன் பூசையையே ஒழித்தான். இரண்டு பேர் காலத்திலும் உழவன் கை வெறுங்கைதான்.

தமிழ்நாட்டிலும் இந்தச் சண்டை முந்நூறு ஆண்டுப் பழசு. 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் லூத்தரன் சபை உத்தரிக்கிற ஸ்தலத்தை ஒப்புக்கொள்ளாத சபை. லூத்தரன்களுக்கு மறுப்பாகக் கத்தோலிக்கரான வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். இரு தரப்பும் தமிழுக்கு அருந்தொண்டு செய்தன. அதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்ற கோயிலிலும் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். இல்லை என்ற கோயிலிலும் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள்! மறுமையைப் பற்றிய வாதம் சூடாக நடந்தது. இம்மையின் கொடுமையில் இருவருக்கும் உடன்பாடு.

நெருப்புக்குச் சாதி இல்லை, கல்லறைக்கு உண்டு

உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேளாளருக்கு ஒரு நெருப்பு, பறையருக்கு ஒரு நெருப்பு என்று எந்த ஞானோபதேசமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே சுத்திகரிப்பு. நல்லது. அந்தச் சமத்துவம் கல்லறை வரைக்குமாவது வந்ததா?

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பாருங்கள். 1872ல் அதைக் கட்டும்போதே வேளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலானோருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு கால் வைத்துக் கட்டினார்கள். 1910ல் கௌசானல் பாதிரியார் தடுப்பை அகற்றினார். வேளாளக் கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். உயர்நீதிமன்றம் வரை போயும் தோற்றார்கள். ஒரே பூசையில் ஒரே அப்பத்தை ஒரே கூரையின் கீழ் வாங்க மாட்டேன் என்பதற்காக வழக்கு!

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர் கல்லறைகளையும் சாதிக் கிறிஸ்தவர் கல்லறைகளையும் பிரித்து நடுவே சுவர் எழுப்பிய கதை நாடறியும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து எறையூரில், சவ வண்டி, சவம் போகும் பாதை, புதைக்கும் இடம் எல்லாவற்றிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று குமுறிய தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9ந் தேதி அவர்கள் மீது தாக்குதல் நடந்தது, போலீஸ் சுட்டது, இரண்டு உயிர் போயிற்று. தாக்கியவரும் தாக்கப்பட்டவரும் ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள். 2016ல் இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது நல்லதுதான். ஆனால் நாம் கேட்கிறோம்: செத்தவனின் கண்ணுக்குத் தெரியாத கறையைக் கழுவ ஆண்டு முழுவதும் பூசை வைக்கிறீர்களே, உயிரோடு இருப்பவன் கட்டிய, கண்ணுக்குத் தெரிகிற சுவரை இடிக்க எத்தனை பூசை வேண்டும்?

இந்துக் கடையும் இதே சரக்குதான்

இதைப் படித்துவிட்டுச் சிலர் குதூகலிப்பார்கள். 'பார்த்தீர்களா, பாதிரிகளின் பித்தலாட்டத்தை!' என்று நம் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓட வேண்டாம். அவர்களுக்கும் பங்கு வைத்திருக்கிறோம்.

கருட புராணத்தில் வைதரணி நதி உண்டு. சீழும் இரத்தமும் ஓடும் அந்த நதியைச் செத்தவன் தாண்ட, உயிரோடு இருப்பவன் கோதானம் கொடுக்க வேண்டும். கோ யாருக்குப் போகிறது? கயாவில் பிண்டம், ராமேஸ்வரத்தில் தர்ப்பணம், பதினாறாம் நாள் கருமாதி, வருஷத் திதி: இவையெல்லாம் என்ன? இங்கேயும் செத்தவன் தானாக நகர முடியாது. இங்கேயும் கொடுப்பவன் மகன். இங்கேயும் ரசீது கிடையாது. நரசிம்மர் குடைவரையின் பேரால் வழங்கும் நம் சிங்கப்பெருமாள் கோவிலிலும், சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் கருமாதிக்காகக் கம்மலை அடகு வைத்த விவசாயத் தொழிலாளி எத்தனை பேர்! கிறிஸ்தவ ஏழையின் மெழுகுவத்தியைப் பார்த்துச் சிரிக்க இந்து ஏழைக்கு ஒரு காரணமும் இல்லை. இருவரையும் மோதவிட்டு, இருவர் உழைப்பையும் விழுங்குகிற கூட்டத்துக்குத்தான் அந்தச் சிரிப்பு லாபம்.

இன்னொன்றும் சொல்வோம். திருச்சி ஜில்லாவில் பிறந்த சேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும் சிறைப்பட்ட இளைஞர்களுக்காகவும் பாடுபட்டார். 2020 அக்டோபரில் அவரை ஊபா சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டார்கள். 2021 ஜூலை 5ந் தேதி, 84 வயதில், கைதியாகவே மும்பை ஆஸ்பத்திரியில் செத்தார். அவர் உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்பும் சபையின் குருதான். அவரும் நாமும் மறுமையைப் பற்றி வாதாடியிருப்போம். இம்மையில் அவர் நம் தோழர். நம் சண்டை யாரோடு என்பதற்கு இதுவே அளவுகோல்.

துன்பம் யாரைச் சுத்தம் செய்கிறது?

காசைக்கூட விடுங்கள். இந்தக் கோட்பாட்டில் நமக்கு முதல் விரோதி, 'துன்பப்பட்டால் சுத்தமாவாய்' என்ற எண்ணம். இதைத்தான் எல்லா முதலாளியும் எல்லாப் பண்ணையாரும் விரும்பிக் கேட்கிறார்கள். பொறுத்துக்கொள், காத்திரு, உன் கஷ்டத்துக்குப் பின்னால் ஒரு பலன் இருக்கிறது!

1968 டிசம்பர் 25ந் தேதி, உலகமெல்லாம் கிறிஸ்துமஸ் கொண்டாடிய இரவில், கீழ்வெண்மணியில் ஒரு சின்னக் குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் குடும்பங்கள். அந்த நெருப்பு எந்தப் பாவத்தைக் கழுவிற்று? மடியில் இருந்த பிள்ளைக்கு என்ன பாக்கி இருந்தது? நெருப்பு ஏழையைச் சுத்தம் செய்வதில்லை, தோழர்களே, கொல்கிறது.

இப்போது நம் வட்டாரத்துக்கு வாருங்கள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் விடியற்காலை இறங்கி, கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞரைப் பாருங்கள். அவர் வேலையில்லாதவர் அல்ல. ஆகவே நரகத்தில் இல்லை. நிரந்தரத் தொழிலாளியும் அல்ல. ஆகவே மோட்சத்திலும் இல்லை. 'டிரெய்னி' என்கிறார்கள், 'அப்ரண்டிஸ்' என்கிறார்கள், 'கான்டிராக்ட்' என்கிறார்கள். நிரந்தர வேலை உண்டு என்கிறார்கள்; எப்போது என்று சொல்வதில்லை. அதே மெஷினில், அதே ஷிப்டில் வேலை. சம்பளம் மட்டும் வேறு. கேட்டால் 'ஒழுங்காக நடந்துகொள், பார்க்கலாம்' என்று பதில். 1981ல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது: 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். ஜெபப் புத்தகத்து 300 நாளைப் போலல்ல இந்த 480 நாள். வருகைப் பதிவேட்டில் எண்ணிப் பார்க்கக்கூடிய நாள். அதனால்தான் 480 முடியுமுன் ஆளை நிறுத்துவதும், வேறு கான்டிராக்டர் பேரில் மறுபடி எடுப்பதும் நடக்கிறது. கணக்கு தீராமல் பார்த்துக்கொள்வதில்தான் இவர்களுக்கு லாபம்.

நிரந்தரமானவருக்காவது நிம்மதி உண்டா? மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 2022ல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது, மோட்சத்தில் இருப்பதாக நினைத்திருந்தவர்களும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

ஆகவே, உத்தரிக்கிற ஸ்தலம் எங்கே என்று கேட்டால் நம் பதில் இது: செத்த பிறகு போகிற இடமாக அதை நாம் நம்பவில்லை; யாரும் பார்த்ததில்லை; பார்த்ததாகச் சொல்ல ஆதாரமும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே உழைப்பாளியை அடைத்து வைத்திருக்கும் இடமாக அதை நாம் தினமும் பார்க்கிறோம். அது கான்டிராக்டர் நோட்டில் இருக்கிறது. கந்து வட்டிக்காரன் நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டுகளைப் பிடுங்கிப் பார்க்கலாம், கணக்குக் கேட்கலாம், கிழிக்கலாம்.

என்ன செய்வோம்?

கேள்வி கேட்ட தோழர்களுக்குக் காரியமாகவே சொல்கிறோம்.

முதலாவது, கல்லறைக்குப் போகிற தோழரைத் தடுக்க வேண்டாம். அம்மாவின் கல்லறையில் புல் செதுக்கிப் பூ வைப்பதில் என்ன குற்றம்? செத்தவரை மறவாதிருப்பது மனிதப் பண்பு. நாமும் தியாகிகள் ஸ்தூபியில் மாலை வைக்கிறவர்கள்தானே!

இரண்டாவது, கடன் வாங்கிப் பூசைக்குக் கொடுக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். அதற்குக் கட்சியின் வாக்குகூடத் தேவையில்லை. திருச்சபையின் சட்டமே போதும். 1983ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 945ஆம் விதி, காணிக்கை இல்லாவிட்டாலும் விசுவாசிகளின் கருத்துக்காக, சிறப்பாக ஏழைகளின் கருத்துக்காக, குருக்கள் பூசை செய்யும்படி அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. 947ஆம் விதி, பூசைக் காணிக்கையில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக்கூடாது என்கிறது. இந்த இரண்டு விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு கோயில் வாசலிலும் மாட்டும்படி கத்தோலிக்கத் தோழர்கள் தங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்கட்டும். இப்படி நடக்கிற சாமியார்கள் உண்டு. அவர்களுக்கு நம் வணக்கம். தயங்குகிறவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதை ஜனங்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரோ, தனி வரிசையோ எங்கே இருந்தாலும் அதை அகற்றும் போராட்டத்தில் சங்கம் முன்னிற்க வேண்டும். இந்துச் சுடுகாட்டுக்கும் இதே விதி.

நான்காவது, சாவு விழுந்த வீட்டுக்கு நாம் என்ன செய்தோம் என்று நம்மையே கேட்போம். சாவு நடந்த அன்றைக்கு வட்டிக்காரன் பத்து நிமிஷத்தில் வருகிறான். சங்கம் எப்போது போகிறது? கிளைதோறும் சாவு நிதி ஒன்று வேண்டும். மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் போதும். அடக்கச் செலவுக்கு யாரும் கை நீட்ட வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவர் வேலையில் அடிபட்டுச் செத்தால் குடும்பத்துக்குச் சார்ந்தோர் உதவி உண்டு. வருங்கால வைப்பு நிதியில் இருந்தவரின் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. கட்டிடத் தொழிலாளி நல வாரியத்தில் பதிந்து அட்டையைப் புதுப்பித்திருந்தால் சாவு உதவி உண்டு. இவை யாரும் போடுகிற பிச்சை அல்ல, போராடிப் பெற்றவை. மனுப் போடத் தெரியாமல், அட்டை புதுப்பிக்காமல், எத்தனை குடும்பம் இழந்திருக்கிறது! செத்தவரின் பெயரை எழுத வேண்டிய முதல் தாள் அந்த மனுதான்.

வருகிற நவம்பர் 2ந் தேதி காலையில் கத்தோலிக்கத் தோழர்கள் கல்லறைக்குப் போகட்டும். கூட வர விரும்புகிற தோழர்களும் போகட்டும். மாலையில் சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், ஒரகடம் கிளைகள் கூட வேண்டும். இந்த ஆண்டில் நம் வட்டாரத்தில் ஆலையிலும் சூளையிலும் வயலிலும் செத்த தொழிலாளரின் பட்டியலை, இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்று பிரிக்காமல், ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அந்தக் குடும்பத்துக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு, வந்தது எவ்வளவு, கொடுக்காதவன் யார் என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலை நமக்கு அனுப்புங்கள். நம் ஏட்டில் அச்சிடுவோம். அதை எடுத்துக்கொண்டு கேட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போவோம்.